நோன்பு மாசத்து மீன் குழம்பு

உப்பூர் தாண்டி தொண்டி ரோட்டோரம், கூரை போன ரெண்டு சுவர் நிக்கும். பஸ்ஸுல போறவங்க ஆட்டுக்கொட்டகைன்னு நினைச்சுக்கிடுவாங்க. அது காசிம் ராவுத்தரோட கிளப்புக் கடை. அம்பதுகள்ல மத்தியான பஸ் அங்கன சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் நிக்கும். அந்த ஒரு பஸ்ஸை நம்பித்தான் கடையே ஓடுச்சு. அபிராமத்துல இருந்து போய் நான் அங்க சமையல் பாக்குற சரக்கு மாஸ்டராச் சேந்தேன்.

சேந்த அஞ்சாம் நாள் நோன்பு மாசம் பிறந்துருச்சு. கொளுத்துற வெயில்ல, மொதலாளி சொட்டுத் தண்ணி குடிக்காம பஸ்ஸுக்கு ஒவ்வொரு இலையாத் தொடச்சு அடுக்கிக்கிட்டு நிக்கிறாரு. அந்த மனுசன் கண்ணு முன்னாடி குழம்பை உள்ளங்கையில விட்டு நக்க எனக்குக் கூசுச்சு. மரியாதைன்னு நினைச்சு, கைக்கணக்குல உப்பைப் போட்டு, ருசி பாக்காமலே நகரை மீன் குழம்பை எறக்கிட்டேன். பெரிய புத்திசாலின்னு நெனப்பு! அன்னைக்கு நல்ல தண்ணி வண்டி வரலை. கடைக் கிணத்து உவர்த் தண்ணியிலதான் புளி கரைச்சிருந்தேன். அதுக்குப் பாதி உப்பே தாராளம்.

பஸ் வந்துச்சு. காரங்காட்டு ஆளு ஒருத்தர் முதல் வாயைத் துப்பிட்டு, கடல் தண்ணியையே காய்ச்சி ஊத்திட்டியாப்பான்னு கேட்டாரு. டிரைவர் செல்லையா இலையை மடிச்சுட்டு எந்திரிச்சு, நாளையில இருந்து தேவிபட்டினத்துலயே நிறுத்திக்கிடுறேன்னுட்டாரு.

மொதலாளி என்னைக் கைகாட்டவே இல்லை. தப்பு எங்க கடையோடதுன்னு ஒவ்வொரு இலையிலயும் போய்ச் சொல்லி, அவரே குனிஞ்சு இலையை எடுத்தாரு. புது இலை போட்டு, மோரும் வெங்காயமும் சுட்ட கருவாடும் வச்சாரு. பட்டினி வயித்தோட அப்படிக் குனிஞ்சு நிமுந்த மனுசனை நான் அதுக்கு முன்ன பாத்ததில்லை.

பஸ் போனப்புறம் அடுப்படிக்கு வந்தாரு. நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாருன்னு நினைச்சேன், சிரிக்கலை.

"நோன்பு எனக்குப்பா. பசி அவங்களுக்கு. எனக்காக அவங்க சோத்தைக் கெடுக்கலாமா?"

மறுநாள் அடுப்புப் பக்கத்துலயே வந்து நின்னுக்கிட்டாரு. அவர் பாக்கப் பாக்க, ஒரு கை சோத்துல குழம்பைப் பிசைஞ்சு தின்னேன். தின்னுக்கிட்டே அழுதுட்டேன். உப்பு சரியான்னு மட்டும் கேட்டாரு.

மத்தியானம் பஸ் வந்து கடை முன்னாடி நின்னுச்சு. செல்லையா எறங்கலை. என்ஜின் உறுமிக்கிட்டே இருக்கு, சீட்டுல இருந்தபடியே கேட்டாரு.

"இன்னைக்கு ருசி பாத்தது யாரு?"

"இந்தா நிக்கிறாரே, எங்க மாஸ்டர். என் முன்னாடி தின்னுட்டுத்தான் எறக்குனாரு," மொதலாளி என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டுச் சொன்னாரு.

செல்லையா எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. அப்புறம் என்ஜினை அணைச்சாரு.

பிறகு எத்தனையோ அடுப்படியில நின்னுட்டேன். எவ்வளவு பெரிய மனுசன் முன்னாடி இருந்தாலும் சரி, நான் தின்னு பாக்காத குழம்பு பந்திக்குப் போனதில்லை.