மாப்பிள்ளை போட்ட செட்டிங்

என் தங்கை மாதவியின் கணவன் முகுந்தனுக்கு நாற்பத்தைந்து வயது. ரவாங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் சரக்குக் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோரின் மகன். இப்போது புக்கிட் ரோத்தானில் தாமான் குடியிருப்பில் சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள், ஒரு கார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்குமா?” என்று என் அப்பா சின்னையா பதினெட்டு வருடமாகச் சொல்லி வருகிறார். முகுந்தனுக்கு இருப்பது ஒரே ஒரு பழக்கம்தான்: கைப்பேசி. குடிகாரனாவது விடிந்தால் தெளிந்துவிடுவான் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

நேரில் பார்த்தால் ‘வாங்க தம்பி, உக்காருங்க தம்பி’ என்றுதான் நானும் பேசுகிறேன். வீட்டு மாப்பிள்ளையாயிற்றே. இங்கேயாவது அவன், இவன் என்று எழுதிக்கொள்கிறேன். அந்த ஒரு சுகத்தையும் விடுவானேன்?

அவன் வீட்டு மேசை இழுப்பறையில் ஐந்து பழைய கைப்பேசிகள் கிடக்கின்றன. ஐந்தும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. ஒன்று, சார்ஜ் போடும் துளையில் தூசி இருக்கிறது என்று பல்குச்சியால் குடைந்து, குச்சி முனை உள்ளேயே முறிந்து செத்தது. இன்னொன்றில், மற்றவர்களுக்கு வருமுன்னே தனக்கு வரட்டும் என்று ஏதோ சோதனை அப்டேட்டை இறக்கினான். அது விழித்த கண் விழித்தபடி கம்பெனி பெயரைக் காட்டிக்கொண்டு மூன்று நாள் கிடந்தது. மூன்றாவதற்கு, திரையில் ஒட்டும் கண்ணாடியைப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கித் தானே ஒட்டினான். நடுவில் கொப்புளம் கிளம்பியது. அதை எடுக்கிறேன் என்று பிளேடைவிட்டுத் திரையையே கீறினான். மற்ற இரண்டும் எப்படிப் போயின என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் விளக்குவான்.

சுங்கை செம்பிலாங்கில் ஒருமுறை குடும்பத்தோடு நண்டு சாப்பிடப் போனோம். நண்டைத் தட்டில் வைத்ததும், “யாரும் தொடாதீங்க” என்றான். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், ஆவி பறக்கிற மாதிரி ஒரு வீடியோ. அவன் முடிப்பதற்குள் ஆவி அடங்கிப் போனது. பிள்ளைகள் ஆறிப்போன நண்டைத் தின்றார்கள். சட்டைப் பையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு கைப்பேசி வைத்திருக்கும் இந்த மனிதனை அவசரத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் எடுக்கமாட்டான். ஒன்று சைலண்டில் இருக்கும், மற்றதில் பேட்டரியை மிச்சம் பிடித்துக்கொண்டிருப்பான்.

இதையெல்லாம் யாரும் அவனிடம் சொல்வதில்லை. மாப்பிள்ளை முகம் கோணக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். அம்மா இருந்தவரை அவர் காத்தார், இப்போது அப்பா காக்கிறார். சொல்லுவார் இல்லாததால் அவனும் தன்னைப் பெரிய எஞ்சினியர் என்றே நம்பிவிட்டான். சொந்தக்காரர் யார் வீட்டுக்குப் போனாலும், “போன குடுங்க பாப்போம், ஸ்லோவா இருக்குமே” என்று வாங்கிவிடுவான். திரும்பி வரும்போது கைப்பேசி வேறு ஜென்மம் எடுத்திருக்கும். குரங்கு கையில் பூமாலை என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்பாவின் கைப்பேசிதான் அவனுக்கு ரொம்பப் பிடித்த பொருள். அப்பா மறுப்பே சொல்ல மாட்டார் என்பதால். எழுத்தைப் பெரிதாக்குகிறேன் என்று போய் எதையோ அழுத்த, அது வாய் திறந்து பேச ஆரம்பித்தது. தொட்டதையெல்லாம் இங்கிலீஷில் வாசித்தது. அணைக்கப் போனால் அணைக்கும் பொத்தானின் பெயரையும் வாசித்தது. எழுபத்து நான்கு வயது மனிதர், நாற்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர், இரண்டு நாள் அந்த வெள்ளைக்காரி குரலைச் சட்டைப் பையில் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போய்வந்தார். “மாப்பிள்ளை ஏதோ புதுசா போட்டிருக்காரு” என்று எல்லாரிடமும் பெருமை வேறு.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இத்தனை வருடம் விட்டுவைத்தேன். அப்பாவின் சிறுநீரகம் கெட்டுப் போனபிறகு சிரிப்பு வரவில்லை.

வாரத்தில் மூன்று நாள் அப்பாவுக்கு ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இடம் கிடைத்தது கிள்ளானில். செவ்வாய், வியாழன், சனி. நான் கோலசிலாங்கூரில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை செய்கிறேன். அந்த மூன்று நாளும் மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, விடியுமுன் அவரைக் காரில் ஏற்றிப் போகிறேன். போக ஒரு மணி நேரம், நாலு மணி நேரம் மெஷினில், திரும்பி வர லோரிகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம். வரும் வழியில் அவருக்குக் கால் இழுத்துக்கொள்ளும், குமட்டும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

கோலசிலாங்கூரிலேயே தர்ம ஸ்தாபனம் ஒன்று நடத்தும் டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். அங்கே பெயர் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இடம் காலியானால் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். பெயர் கொடுத்த அன்று என் எண்ணை எழுதப் போனேன். முகுந்தன்தான் குறுக்கே வந்தான்.

“அக்கா, நீங்க கிளினிக்ல போன எடுக்க மாட்டீங்க. மாமா நம்பரையே குடுங்க. நான் பக்காவா செட் பண்ணி வச்சிருக்கேன்.”

“அப்ப சென்டர் நம்பரை அப்பா போன்ல சேவ் பண்ணிருங்க தம்பி.”

“இப்பவே பண்றேன் லா” என்று அங்கேயே நின்று பண்ணினான். சென்டர் கட்டடத்தைப் படம் எடுத்து, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எனக்கும் காட்டினான்.

பிறகு யாரோ ஒருவன் அப்பாவைக் கூப்பிட்டு, உங்கள் பெயரில் பார்சல் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது என்று மிரட்டினான். அப்பா அவனுடைய ஊரெல்லாம் விசாரித்து அரை மணி நேரம் பேசினார். அவனே சலித்துப்போய் வைத்துவிட்டான். இதைக் கேட்டதும் முகுந்தனுக்கு வேலை கிடைத்துவிட்டது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையெல்லாம் சத்தமில்லாமல் தடுக்கும் ஓர் ஆப்பை அப்பாவின் கைப்பேசியில் ஏற்றினான். தடுத்த விவரம்கூடத் திரையில் வராதபடி அதையும் அணைத்தான். மாமாவுக்குத் தொந்தரவாம்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மாதவியும் முகுந்தனும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள், தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். முகுந்தன் அப்பாவின் கைப்பேசியை வாங்கி, தனக்கு மட்டுமே தெரிந்த ரகசிய எண்ணை அழுத்தி, அந்த ஆப்பைத் திறந்தான்.

“மாமா, இங்க பாருங்க. நாப்பத்தேழு கோல் தடுத்திருக்கு. நாப்பத்தேழு திருடன்கிட்டேருந்து உங்களக் காப்பாத்தியிருக்கேன்.”

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். முகுந்தன் ஒவ்வொன்றாக வாசித்தான். இது பார்சல்காரன். இது கடன் தருகிறவன். இது எங்கேயோ வெளிநாடு.

“இது பாருங்க, விடாக்கண்டன். போன புதன்கிழமை ஒரே நாள்ல மூணு தடவ. காலையில ஒன்பதே கால், அப்புறம் பதினொன்னு, மத்தியானம் மூணே முக்கால். எவ்வளவு தில்லு பாருங்க.”

நான் எட்டிப் பார்த்தேன். அந்த எண்ணை நான் மனப்பாடமாக அறிவேன். பதினோரு மாதமாக என் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் எண். தினமும் பால் எடுக்கும்போது பார்க்கும் எண்.

முகுந்தன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனதை நான் கண்டேன். ஒரு நொடி எனக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது, பொய் சொல்லவில்லை.

“என்ன மாப்பிள்ளை, நிறுத்திட்டீங்க?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்ல மாமா. இதுவும் அதே கும்பல்தான்.”

சொல்லிவிட்டு அந்தப் பட்டியல் முழுவதையும் அழித்தான். என் கண்ணெதிரே, விரலால் ஒரே தட்டு. வந்த இரக்கம் அதோடு போயிற்று.

வாசலுக்கு வரச் சொல்லிக் கேட்டேன். “நம்பர சேவ் பண்ணேன்னு காட்டினீங்களே தம்பி?”

“என் போன்லதாங்கா பண்ணேன். ரெண்டும் ஒரே அக்கவுண்டு, தானா சிங்க் ஆயி மாமா போன்லயும் ஏறிரும்னு நெனச்சேன்.”

மறுநாள் கிளினிக்கிலிருந்து சென்டருக்குப் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். புதன்கிழமை ஓர் இடம் காலியாயிற்று. மூன்று முறை கூப்பிட்டோம், எடுக்கவில்லை. நாலு மணிக்கு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம். உங்கள் அப்பா பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது, அடுத்த இடம் எப்போது என்று சொல்ல முடியாது. என் எண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். இரண்டு நிமிட வேலை.

அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருப்பேன். மாதவி கூப்பிட்டாள்.

“அக்கா, அப்பாகிட்ட சொல்லிராதக்கா. இவரு நேத்துலேருந்து சரியா சாப்பிடல. அப்பா இவர எவ்வளவு ஒசத்தியா வச்சிருக்காரு, உனக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். முகுந்தனைக் கேவலமாக எழுதுகிறேனே, அந்த ஒரு மாதம் நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒவ்வொரு ஞாயிறும் அப்பா கேட்பார், “சென்டர்லேருந்து கூப்பிட்டாங்களா மாப்பிள்ளை?” அவன் சொல்வான், “இன்னும் இல்ல மாமா.” நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றேன்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை, கிள்ளானிலிருந்து திரும்பும்போது காப்பார் தாண்டியதும் காரை நிறுத்தச் சொன்னார். அதுவரை ஒரு நாளும் அவர் நிறுத்தச் சொன்னதில்லை. சாலையோரம் இறங்கி வாந்தி எடுத்தார். எழுந்து நிற்க முடியவில்லை. நான் தாங்கிப் பிடித்தேன். கனமே இல்லை. “ஒன்ன ரொம்ப அலைய வைக்கிறேம்மா” என்றார்.

மறுநாள் ஞாயிறு, அதே தேநீர். அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“அந்த சென்டர்காரங்க நம்மள மறந்துட்டாங்க போல” என்றார். “தோட்டத்து ஆளுங்கள யாரு நெனச்சுப் பாப்பா.”

முகுந்தன் தலையை ஆட்டினான். “ஆமா மாமா. அவங்க சிஸ்டமே சரியில்ல.”

இதற்கு அவன் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் நானும் இன்னொரு பிஸ்கட்டை எடுத்திருப்பேன்.

“சிஸ்டம் சரியாத்தான் இருக்கு” என்றேன். “அப்பா, அவங்க உங்கள மறக்கல. எடம் வந்துச்சு. ஒரே நாள்ல மூணு தடவ கூப்பிட்டாங்க. இவரு போட்ட ஆப் அதத் தடுத்துருச்சு. திருடன்னு ஒங்ககிட்ட வாசிச்சுக் காட்டினாரே, அது அவங்கதான். தெரிஞ்சதும் லிஸ்ட்ட அழிச்சிட்டாரு. அந்த எடம் வேற ஆளுக்குப் போயிருச்சு.”

மாதவி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முகுந்தன் தொண்டையைச் செருமினான்.

“டெக்னிக்கலா பாத்தா, அது அந்த ஆப்போட கோளாறு…”

அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு தடவையா கூப்பிட்டாங்க?” என்றார்.

“ஆமாம்பா.”

அவர் கண் கலங்கியிருந்தது. இப்போதாவது ஒரு வார்த்தை கேட்பார், பதினெட்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்பார் என்று நான் காத்திருந்தேன்.

“அம்சா” என்றார். “வீட்டு மாப்பிள்ளைகிட்ட இப்படியாம்மா பேசுறது? மன்னிப்புக் கேளு.”

நான் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் முகுந்தனுக்கு உயிர் திரும்பிவிட்டது.

“பரவால்ல மாமா, அக்கா டென்ஷன்ல பேசுறாங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கல. இப்ப வேற ஒரு ஆப் வந்திருக்கு, அதவிட நல்லது. போன குடுங்க, அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தரேன்.”

முந்தின நாள் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. அந்தக் கையாலேயே அப்பா சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அவனிடம் நீட்டினார்.