புகைக்குழாயின் மறுமுனை

போன வெள்ளிக்கிழமை மாலை ஒரு படம் வந்தது. சனிக்கிழமை விடியற்காலை யாழ்ப்பாண ரயிலில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பயணத்துக்குத் திட்டம் என்று ஒன்று இருந்ததில்லை.

பழைய வாசகர்களுக்கு என் கிறுக்கு தெரியும். புகைக்குழாயை மட்டும் காட்டினால் என்ன விமானம் என்று சொல்லிவிடுவேன். சிலிண்டருக்கு ஒன்றாகக் குட்டைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு வகை. எல்லாம் சேர்ந்து ஒரே தடித்த குழாயாக வந்தால் வேறு வகை. வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டிப் பறக்கவிடுகிற பரிசோதனை விமானங்கள்தான் தலைவலி. கார் எஞ்சினுக்கு மோட்டார் சைக்கிள் சைலன்சரை மாட்டியிருப்பார்கள். அதையும் கண்டுபிடித்துப் பீற்றிக்கொள்வேன். ஊர் கோயம்புத்தூர், கொழும்பில் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம். வாய்க்கொழுப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது.

படத்தை அனுப்பியவர் இந்த வலைப்பூவை வாசிக்கும் வதனி அக்கா. கொடிகாமத்துக்கு அப்பால் அவருக்கு ஒரு தென்னங்காணி. மழையில் வேலியோர மண் கரைந்து, சாய்வாக வெட்டிய குழாய் ஒன்றின் வாய் வெளியே தெரிந்ததாம். பார்த்ததுமே பழைய டக்கோட்டா என்று எனக்குப் பட்டது. பலாலி விமான நிலையத்துக்கு ஒரு காலத்தில் வந்துபோன விமானம். உறுதிசெய்ய எஞ்சினோடு பொருந்தும் பக்கம் வேண்டும். படம் அனுப்பும் எல்லோருக்கும் எழுதுவதையே அவருக்கும் எழுதினேன்: "மண்ணைக் கிளறி எடுத்து, மறுமுனையைப் படம் பிடித்து அனுப்புங்கள்." நானே நேரில் பார்க்க வருகிறேன் என்றும் சேர்த்தேன். "ஓம் தம்பி, விடியப் பாப்பம்" என்று பதில் வந்தது.

கொழும்புக் கோட்டையில் 5.45க்கு ரயில் கிளம்பியது. கிளிநொச்சி வரைக்கும் வடையும் வேடிக்கையுமாகப் போனேன். பளையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாகச் சிவப்புப் பலகைகள். மண்டையோட்டுப் படம், மூன்று மொழியிலும் கண்ணிவெடி எச்சரிக்கை. பலகைகளுக்கு அப்பால் தலைக்கவசம் போட்ட பெண்கள் குந்தியிருந்து, சின்னக் கரண்டி மாதிரி ஒன்றால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவை நான் எந்த மண்ணைக் கிளறச் சொல்லியிருக்கிறேன்?

போன் போட்டேன். அணைத்திருந்தது. "தோண்டாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒற்றை டிக். மறுபடியும் அனுப்பினேன், மறுபடியும் ஒற்றை டிக். அந்த ரயில் கொடிகாமத்தில் நிற்கவில்லை. அக்காவின் ஊரைத் தாண்டி அது ஓடியபோது இன்னொரு முறை போன் போட்டேன்.

சாவகச்சேரியில் இறங்கும்போது 11.40. அக்காவின் காணிக்குத் திரும்பிப் போக 14 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 2,000 ரூபாய். பேரம் பேசவில்லை. "கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே" என்று காரணத்தைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு விசரே அண்ணை? ஆரும் மண்ணுக்கை கிடக்கிற இரும்பைக் கிளறச் சொல்லுவினமோ?"

அவர் வேகத்தைக் கூட்டினார்.

காணி வாசலில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். வேலியோரம் நாலு தடி நட்டு, கிழித்த சிவப்புச் சேலைத்துணி கட்டியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முழுசாக நின்றார் வதனி அக்கா.

"வாங்கோ தம்பி. உந்தத் துணிக்கு அங்காலை காலை வைக்காதேங்கோ."

"நீங்க தோண்டலையா அக்கா?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நேற்று உங்கடை மெசேச்சைப் பாத்த உடனை வெடி எடுக்கிற ஆக்களுக்கு அடிச்சுச் சொன்னனான். காலமை ஒன்பது மணிக்கு வந்தவை. கரண்ட் இல்லை, என்ரை போன் செத்துப் போய்க் கிடக்கு." பிறகு, வீட்டில் உப்புத் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்: "குழாய்க்குக் கீழை ஒரு சாண் ஆழத்திலை மிதிவெடி ஒண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டு போயிட்டினம்."

குழாயை மட்டும் சோதித்துப் பார்த்து, தென்னையில் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "பாருங்கோவன், இதுக்குத்தானே வந்தனீங்கள்?" என்றார். குனிந்து பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று செருகும் விளிம்பு, உள்ளே பெட்ரோல் எரிந்த சாம்பல் பொடி. டக்கோட்டாவேதான்.

"அப்ப நீங்கள் சொன்னது சரிதானே!" என்று அக்கா சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விமானத்தைச் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். அதே வாயால் அவரைக் கொன்றிருப்பேன். "சும்மா இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ" என்று கோப்பையைக் கையில் திணித்தார்.

போகிறவர்களுக்கு: ரயிலில் இருக்கையை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். கொடிகாமத்தில் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஊர்க்காரர் நடக்கும் பாதையை விட்டு இறங்காதீர்கள். மண்ணில் இரும்பு தெரிந்தால் தொடாமல், பக்கத்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். படம் எடுக்கவும் கிட்டப் போக வேண்டாம்.

அன்று திரும்பும் வழியிலேயே என் பழைய பதில்களைத் தேடினேன். இலங்கையிலிருந்து படம் அனுப்பியவர்களில் ஐந்து பேரிடம் மறுமுனையைக் கேட்டிருக்கிறேன். ஐவருக்கும் எழுதினேன். நாலு பேர் நலம் என்று பதில் போட்டுவிட்டார்கள். ஐந்தாமவரைப் பற்றி முல்லைத்தீவுப் பக்கம் என்பதைத் தவிர எதுவும் தெரியாது. அவருக்கு அனுப்பியதில் இன்னும் ஒற்றை டிக்தான். இதை வாசிப்பது நீங்களென்றால், எனக்கு ஒரு வரி போடுங்கள். அந்தக் குழாய் என்ன விமானம் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.