கீழ்த்தளத்துச் சுண்ணாம்பு

எண்பதுகளில் கொச்சங்காடியில் ஒரு கிடங்கின் மாடியில் குடியிருந்தோம். நான் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. கீழே வீட்டுக்கார சேட்டன், சிப்பியைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பை மூட்டைகளாக அடுக்கியிருந்தார். பக்கத்திலேயே கயிற்றுக் கட்டுகள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு மதியம் தெருத்தண்ணீர் கிடங்குக்குள் புகுந்தது. இறங்கிப் பார்த்தால் அடிமூட்டைகளிலிருந்து ஆவி பறக்கிறது. என் கணவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஊத்தாதீங்க! தண்ணி பட்டுத்தான் சுடுது. சூளையில வாங்கின சூட்டை இப்ப வெளிய விடுது. கயிறை நகர்த்துங்க!"

சேட்டனும் சேர்ந்துகொள்ள, மூவருமாகக் கட்டுகளை வாசலுக்கு இழுத்தோம். ஒன்றின் ஓரம் கருகியிருந்தது. அதன்பின் நனைந்த சுண்ணாம்பு நீறி முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. நான் வாசலுக்கும் கிடங்குக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"டீச்சரே, ஒரு சாயா குடிக்கு," என்றார் சேட்டன். கிளாஸை வாங்கினேன், குடிக்கவில்லை.

சாயங்காலம் ஆவி அடங்கி, வெள்ளைப் பொடி குவிந்து கிடந்தது. மறுநாளே சேட்டன் மிச்ச மூட்டைகளைத் தோணியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அப்படியும் அந்த மழைக்காலம் முழுக்க, வகுப்பு நடுவே இடி கேட்டால் பாடத்தை விட்டுவிட்டு ஜன்னலருகே போய்விடுவேன்.