இலையை மறிக்கும் கை

கஞ்சா மூளைக்குள் போய் என்ன செய்யும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிவது என் தொழில். அதில் இதுவரை தவறாமல் நடந்த ஒரே காரியம், பேசி முடித்ததும் தரும் தேத்தண்ணி. கூட்டத்துக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்று நாக்கு வறண்டவர்களே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும். கேளுங்கள்.

மண்டபம் நிறைந்த கிழங்கு

வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் படங்களில் பெரிய நம்பிக்கை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் மூளைக் கலத்தின் படத்தைச் சுவர் முழுக்கப் போட்டேன். ஒரு கலம் அடுத்த கலத்துக்குச் சேதி சொல்வது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருப்பது, அதைத் தாண்டி இரசாயனம் போவது என்று ஒரு மணித்தியாலம் மூச்சு விடாமல் கதைத்தேன். ஒருவரும் அசையவில்லை. சனம் மயங்கிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம்.

"கேள்வி ஏதும் இருக்கோ?" என்றேன். முன்வரிசையில் இருந்த தோட்டக்கார ஐயா ஒருவர் மெதுவாக எழும்பிச் சால்வையைச் சரிசெய்தார். "பிள்ளை, நல்லாத்தான் கதைச்சனீர். ஆனா அந்த மரவள்ளி என்ன இனம்? நல்லா வேர் விட்டிருக்கு!"

சுன்னாகத்தில் பிடிபட்ட உண்மை

அதோடு படத்தைக் கட்டி வைத்துவிட்டேன். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் அன்னதானம் முடிந்த கையோடு மாதர் சங்கத்துக்குப் பேச்சு. பந்தியில் இருந்தபோதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. சோறு போடுகிறவர் ஒரு கலம், இலைக்கு முன்னால் இருக்கிறவர் மற்றக் கலம். கரண்டிக்கும் இலைக்கும் நடுவில் உள்ள வெளிதான் அந்த இடைவெளி. சோறு நிறைந்ததும் சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையை மறித்துப் போதும் என்கிறார் அல்லவா? மூளையிலும் அப்படித்தான். சேதி வாங்குகிற கலமே, அனுப்புகிற கலத்துக்குப் பின்பக்கமாக ஒரு பொருளை விட்டு, "போதும், கொஞ்சம் பொறு" என்று சொல்லும். அந்தப் பொருளை உடம்பே தேவைப்படும்போது செய்துகொள்ளும்.

கஞ்சா அந்தக் கை மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும். பசியோடு இருக்கிறவருடைய இலையையும் மறிக்கும், பந்தி முழுக்க மறிக்கும், கையை எடுக்கவும் மாட்டாது. சோறு விழாத இலைகளில் ஒன்றுதான் ஞாபகம். இப்படி அழகாக முடித்துவிட்டுப் பெருமையோடு பார்த்தேன். வெங்காயத் தோட்டம் செய்கிற அன்னலட்சுமி அக்கா மட்டும் நம்பாத முகத்தோடு கையை உயர்த்தினா. "எல்லாம் சரி, பிள்ளை. ஆனா கையை மறிச்ச உடனை சோறு போடிறதை நிப்பாட்டிற சனம் எந்த ஊரிலை இருக்கு?"

கட்டாத நங்கூரம்

குருநகரில் தேவாலயப் பங்கு மண்டபத்தில் அதே பந்திக் கதையைச் சொன்னேன். எல்லாரும் போனபிறகும் ஒரு இளம் தம்பதி போகாமல் நின்றது. அவர் யூட், கடல் தொழிலாளி. அவ திரேசா, ஏழு மாதக் கர்ப்பிணி. யூட் நிலத்தைப் பார்த்தபடி நிற்க, திரேசாதான் சொன்னா. படகில் போனபோது நங்கூரத்தைப் போடச் சொல்லியிருக்கிறார் சம்மாட்டி அன்ரன் அண்ணை, அதாவது படகின் சொந்தக்காரர். இவரும் ஒரே வீச்சாக வீசிவிட்டார். கயிற்றின் மற்ற நுனியைப் படகில் கட்டவில்லை! நங்கூரம் கயிறும் தானுமாகக் கடலுக்குள் போய்விட்டது. கட்டினேனா இல்லையா என்பது வீசுவதற்குள் மறந்துவிட்டதாம்.

முதல் தரம் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதமும் அப்படியே இன்னொன்று போனபோது ஒருவரும் சிரிக்கவில்லை. "உந்தக் கஞ்சாவை விட்டிட்டு மூண்டு மாதம் கழிச்சு வா, பாப்பம்" என்று அன்ரன் அண்ணை இறக்கிவிட்டாராம். பிள்ளை பிறக்கப் போகிறது, தகப்பனுக்குப் படகில்லை. யூட் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "மிஸ், அந்தக் கையை எடுக்கேலுமோ?"

திரேசாவின் முறைப்பாடு

எடுக்கலாம் என்றேன். நெடுக மறித்த கையைப் பார்த்துப் பார்த்துக் கரண்டிக்காரருக்கு உண்மையான கையே கண்ணில் படாமல் போயிருக்கும். கஞ்சாவை விட்டால் அவருக்குப் பார்வை மெல்ல மெல்லத் திரும்பும். ஆனால் முதல் கிழமைகளில் நித்திரை வராது, சாப்பாடு இறங்காது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும் என்றும் சொல்லி, டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சொன்னதெல்லாம் ஒன்றும் தப்பாமல் வந்தது. பிறகு விதம் விதமாகக் கனவும் வந்தது. யூட் தொலைபேசியில் எடுத்து ஒவ்வொரு கனவாக எனக்கு ஒப்புவித்தார். சுறாவுக்கு மூக்குக்கண்ணாடி போட்ட கதை வரைக்கும் கேட்டிருக்கிறேன், நம்புங்கள்.

இரண்டு மாதம் கழித்துத் திரேசா தனியாக வந்து முன்னால் இருந்தா. முகம் உம்மென்று இருந்தது. "திரும்பத் தொட்டிட்டாரோ?" என்றேன். "இல்லை, மிஸ். இப்ப எல்லாம் ஞாபகம் வருகுது. போன வருசம் நான் அவரின்ரை தாயைப் பற்றிச் சொன்னதையும் சொல்லு மாறாமல் எடுத்து விடுறார். கொஞ்சம் குறைக்க மருந்து இருக்கோ?"

திருநாள் பந்தி

மூன்று மாதம் முடிந்த கிழமை யூட்டை அன்ரன் அண்ணை பரீட்சைக்குப் படகில் ஏற்றினார். அந்த ஞாயிறு பங்குத் திருநாள், எனக்கும் சாப்பாட்டுக்கு அழைப்பு. முடிவு என்னவென்று தெரியாமல் போன எனக்கு இலைக்கு முன்னால் இருக்கவே முடியவில்லை. பக்கத்தில் இருந்த அன்ரன் அண்ணையிடம், "கட்டினவரோ?" என்று கேட்டேவிட்டேன். மனுசன் ஆட்டிறைச்சிக் கறியைக் குழைத்தபடி முழுசிப் பார்த்தார். "கட்டினவனோவோ? உவன் போட்ட முடிச்சை நாலு பேர் சேந்தும் அவிழ்க்கேலாமல் கயிறை வெட்டினது, மிஸ்! நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது. சோற்றுச் சட்டியோடு பந்தி விசாரித்து வந்ததே யூட்தான். பின்னால் திரேசா, தோளில் கைக்குழந்தை. யூட் ஒரு கரண்டி போட்டார். நல்ல பசி எனக்கு. ஆனாலும் யாழ்ப்பாணத்து மரியாதைக்குக் கையை மறித்தேன். எப்படியும் இன்னும் இரண்டு கரண்டி விழத்தானே போகிறது? விழவில்லை. யூட் அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் வாயைப் பிளந்து பார்க்க, திரும்பி நின்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "கை மறிச்சால் நிப்பாட்ட வேணும். நீங்கள் சொன்னது ஒண்டும் மறக்கேல்லை, மிஸ்!"

இத்தனை ஊரில் இத்தனை பேருக்குப் படிப்பித்து, பாடத்தை அப்படியே ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆளால் அன்றைக்கு அரை வயிற்றோடு வீட்டுக்கு வந்தேன், ஆனால் அப்படி வயிறு நிறைந்த ஒரு சாப்பாட்டை நான் இன்னும் சாப்பிடவில்லை.