மச்சாள் மொழிபெயர்க்காத கேள்வி

ஐந்து மாதம் என் இடது மார்பில் நோவு இருந்தது. ஐந்து மாதமும் நான் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. சாவுக்குப் பயந்து மறைத்தேன் என்று நினைக்கவேண்டாம். என் மச்சாளுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் மறைத்தேன்.

ஆண்டவர் எனக்குச் செய்ததை எழுதித் தரும்படி செபக்குழுவில் கேட்டார்கள். எழுதுவதென்றால் உண்மையை எழுதவேண்டும். ஆகவே முதலில் என் பொறாமை வருகிறது, ஆண்டவரின் இரக்கம் பிறகு வருகிறது. மார்பு என்ற சொல்லும் அடிக்கடி வரும். கூச்சப்படுகிற அண்ணைமார் இந்தப் பக்கத்தை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் 1984ஆம் ஆண்டு ரொறன்ரோவுக்கு வந்தோம். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் இருந்தோம். எனக்குக் கோட்டுத் தைக்கும் பக்டரியில் வேலை, நாள் முழுக்க கோட்டின் உள்ளே லைனிங் பிடிப்பேன். நான் சொன்ன மச்சாள் றீற்றா, என் கணவரின் தங்கை. எங்களுக்குச் சில மாதம் பிறகு வந்தவள். ஊரில் கந்தோரில் ரைப் அடித்தவள் என்பதால் இங்கிலிஷ் அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. வந்த கையோடு ஒபிஸ் வேலை கிடைத்தது. பிறகு லைசென்ஸ், பிறகு கார். 1987 மாசியில் பிக்கரிங்கில் புது வீடு. நான் அப்போதும் பழுதாய்ப் போன லிப்ற்றுக்காகக் கீழே காத்து நின்றேன்.

அது மட்டுமென்றால் பொறுத்திருப்பேன். என் கணவருக்கு எதற்கெடுத்தாலும் தங்கச்சிதான். "தங்கச்சியைக் கேளும், அவளுக்குத் தெரியும்" என்பார். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால் றீற்றா. எங்கள் கட்டிடத்தில் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு வருத்தம் வந்தாலும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பதும் றீற்றா. அவளைப் பார்த்து எல்லாரும் தங்கமான பிள்ளை என்பார்கள். எனக்கு வயிறு எரியும். அவள் என்ன சேலை, என்ன கைப்பை, முகத்தில் என்ன பூசியிருக்கிறாள், எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருப்பேன். என் பிள்ளைகளின் முகத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அவளுடைய வீடு குடிபுகுதலுக்குப் பங்குச் சுவாமி வந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதித்தார். எல்லாரும் முழங்காலில் நின்றோம். கீழே புதுக் கார்ப்பெற், கால் புதைந்தது. அதில் நின்றுகொண்டு நான் கேட்டது இதுதான். 'ஆண்டவரே, எல்லாம் இவளுக்குத்தானா? இவளுக்கு ஒரு குறையாவது வைக்கமாட்டீரா?'

இரண்டு கிழமைக்குள் நோவு தொடங்கியது. அவளுக்கல்ல, எனக்கு.

ஒரே இடம். இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் உள்ளே. மாதவிலக்குக்கு முன் வருகிற சாதாரண நோவு எனக்குத் தெரியும், அது வந்து போய்விடும். இது போகவில்லை. தையல் மெஷினில் குனிந்திருப்பதால் என்று நினைத்தேன். தைலம் பூசினேன். கையால் தடவிப் பார்த்தேன், கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. என் மாமி, அதாவது றீற்றாவின் தாய், மார்பில் வந்த புண்ணால்தான் ஊரில் செத்துப்போனா. கடைசிவரை ஒருவருக்கும் காட்டவில்லை. வீட்டில் அந்தப் பேச்சை ஒருவரும் எடுப்பதில்லை.

என் கெட்ட செபத்துக்கு ஆண்டவர் தந்த தண்டனை என்றே நம்பினேன். ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லி அழுதேன். ஆனால் அழும்போதும் நிபந்தனை போட்டேன். 'றீற்றாவிடம் போகாமல் என்னைச் சுகமாக்கும்.' டொக்டரிடம் போனால் அவள்தான் பக்கத்தில் நிற்பாள். என் உடம்பின் ரகசியம் அவளுடைய வாயால் வெளியே வரும். அதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் சோற்றுப் பானையை இறக்கும்போது கை தூக்க முடியாமல் அப்படியே நின்று அழுதுவிட்டேன். கணவர் ஓடிவந்தார். சொல்லவேண்டியதாயிற்று.

"எத்தினை மாதமாய்?"

"அஞ்சு."

"உமக்கென்ன விசரே? இரும், தங்கச்சிக்குப் போன் எடுக்கிறன்."

அடுத்த நாளே அவள் லீவு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை ஏசவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

டொக்டர் ஒரு பெண். இரண்டு மார்பையும் பொறுமையாகத் தடவிப் பார்த்தா. றீற்றா மொழிபெயர்த்தாள். "கட்டி ஒண்டும் தட்டுப்படேல்லையாம் மச்சாள். வெறும் நோ பெரும்பாலும் கெட்ட வருத்தமாய் இராதாம். ஆனா உங்கட நோ மாதத்தோடை வந்து போகாமல் ஒரே இடத்திலை நிக்குது, வயதும் நாப்பத்திமூண்டு. அதாலை ஒருக்கா மமோகிராம் எடுத்துப் பாப்பமாம்."

படம் எடுக்கிற இடத்தில் ஒரு நேர்ஸ் மட்டையில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு கேள்வி கேட்டா. றீற்றா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா? இல்லை என்றேன், மாமி எனக்கு இரத்தச் சொந்தமில்லை. காம்பில் ஏதும் கசிகிறதா? இல்லை. தோல் குழிந்திருக்கிறதா? இல்லை. நேர்ஸ் அடுத்ததைக் கேட்டா.

றீற்றா சொல்லவில்லை.

அவளுடைய கை மெதுவாக வலது அக்குள் பக்கம் போய்த் திரும்பி வந்தது. உதடு வெளுத்திருந்தது. நேர்ஸ் திரும்பவும் கேட்டா. அப்போதுதான் றீற்றா என்னைப் பாராமல், "நோகாத கட்டி ஏதும் இருக்கோ எண்டு கேக்கினம்" என்றாள். இல்லை என்றேன். நேர்ஸ் ஒன்றையும் கவனிக்கவில்லை. வேறு யார் இருந்திருந்தாலும் கவனித்திருக்கமாட்டார்கள். மூன்று வருடம் அந்த முகத்தைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய் இரண்டு தட்டுக்கு நடுவில் மார்பை வைத்து அமத்தினார்கள். குளிர்ந்தது, நொந்தது, சட்டென்று முடிந்துவிட்டது. அதற்காகப் பயப்படுகிறவர்கள் பயப்படத் தேவையில்லை.

ஒரு கிழமையில் மறுமொழி வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. சின்னச் சின்ன நீர்க்கட்டிகளாம், நோவு தானாகக் குறையும், கூடினாலோ புதிதாக ஏதும் தெரிந்தாலோ உடனே வரச் சொன்னார்கள். கணவர் றீற்றாவைத்தான் பாராட்டினார்.

அந்தக் கிழமை முழுக்க நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்றிருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். இப்போது பார், அவளுக்கும் ஒரு குறை என்று என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதே மனம், என் செபம் பலித்துவிட்டதோ என்று நடுங்கவும் செய்தது.

ஞாயிறு பூசையில் நற்கருணை நன்மை வாங்க வரிசையில் நின்றபோது முன்னால் றீற்றா நின்றாள். என்னால் போக முடியவில்லை. வரிசையை விட்டு விலகிவிட்டேன். 'ஆண்டவரே, எனக்கு வாயைத் தாரும்' என்று மட்டும் கேட்டேன். நிபந்தனை இல்லாமல் நான் கேட்ட முதல் செபம் அது. பூசை முடிந்ததும் அவளுடைய கையைப் பிடித்துக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"றீற்றா, அண்டைக்கு ஒரு கேள்வியிலை நிண்டிட்டீர். ஏன்?"

"எந்தக் கேள்வி? நான் நிக்கேல்லையே."

"உம்மிலைதான் எனக்கு எப்பவும் கண். எனக்கு மறைக்கேலாது. எத்தினை நாளாய்க் கிடக்கு?"

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "நோகேல்லை மச்சாள். நோகாததுக்கு ஏன் டொக்டரிட்டைப் போவான் எண்டு விட்டிட்டன்."

"எனக்கு நொந்தது, ஒண்டுமில்லை எண்டிட்டினம். உமக்கு நோகேல்லை. அதுதான் எனக்குப் பயமாய்க் கிடக்கு."

"அம்மான்ரை மாதிரி எண்டால் நான் என்ன செய்யிறது?"

அவள் என்னிடம் ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாருக்கும் துணை போனவள், தனக்கென்று வரும்போது ஒரு துணை கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

அவளோடு டொக்டரிடம் நான் போனேன். அன்று தன்னால் கார் ஓட ஏலாது என்றாள், ஆகவே எனக்குத் தெரிந்த பஸ்ஸிலும் சப்வேயிலும் கூட்டிக்கொண்டு போனேன். அதே மாதிரியான தாள், அதே கேள்விகள். குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று கேட்டபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "யெஸ். மதர்" என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது.

புற்றுநோய்தான். ஆனால் சின்னது, பரவவில்லை. இது எவ்வளவு காலமாக இருந்திருக்கும் என்று டொக்டரைக் கேளும் என்று அவளை நச்சரித்தேன். கட்டாயம் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். வீடு குடிபுகுந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அப்படியென்றால் என் வாயால் வந்ததில்லை! தாழ்வாரத்தில் நின்று ஓவென்று அழுதேன். தனக்காக அழுகிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவினாள். அதைத் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதுகைத் தடவிய கையை எடுத்தாள். பிறகு, "என்ரை கார்ப்பெற்றிலை முழங்காலிலை நிண்டுகொண்டே அதைக் கேட்டனீங்கள்?" என்றாள். இரண்டு பேரும் அழுகையோடு சிரித்தோம்.

புரட்டாதியில் ஒப்பரேஷன். கணவர் வெளியே நடந்துகொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரியின் சின்னக் கோயிலுக்குள் போய் முழங்காலில் நின்றேன். அங்கே கார்ப்பெற் இல்லை. 'ஆண்டவரே, அவளிடம் இருக்கிற ஒன்றையும் எடுக்கவேண்டாம். அந்த வீடு இருக்கட்டும், கார் இருக்கட்டும், இங்கிலிஷ் இருக்கட்டும். என் மனிசன் அவளையே புகழட்டும். இன்னும் நாற்பது வருடம் நான் பொறாமைப்பட அவள் எனக்கு வேணும்.'

ஆண்டவர் கேட்டார். இப்போது 1989. சிகிச்சை எல்லாம் முடித்து, பரிசோதனைக்கு ஒழுங்காகப் போய் வருகிறாள். கூடப் போகிறவள் நான்தான், அந்த இடத்தை வேறு ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். என் நோவும் குறைந்துவிட்டது. அந்த நோவு வராமல் இருந்திருந்தால் அவள் அந்தக் கேள்வியின் முன்னால் நின்றிருக்கமாட்டாள்.

சகோதரிகளே, ஒரே இடத்தில் நின்று விடாத நோவு இருந்தால் காட்டுங்கள். கட்டி, தோல் குழிவு, காம்பில் கசிவு கண்டால் நோகும்வரை காத்திராமல் காட்டுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ இருந்திருந்தால் அதை டொக்டரிடம் மறைக்கவேண்டாம். இங்கிலிஷ் தெரியாவிட்டால் றீற்றாவைக் கேளுங்கள், அவளுக்கு வேலை என்றால் நான் வாறன். செபமாலையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். என்னைப் போன்ற ஒருத்தியின் செபத்தைக் கேட்டவர் உங்களுடையதைக் கேட்கமாட்டாரா?

போன ஞாயிறு றீற்றா சிவப்புக் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், நான் தைக்கிற எதையும்விட நல்ல லைனிங். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.