நாலு விரல் உயரம்

அம்மா ஜூன் மாதம் இறந்தார். செப்டம்பரில் எங்கள் யூதப் புத்தாண்டு வந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பண்டிகை. அதை ஒட்டியே, வெள்ளி சாயங்காலம் தொடங்கும் சனிக்கிழமை ஓய்வுநாள். புதன் சாயங்காலம் தொடங்கி ஆறு வேளைச் சாப்பாடு.

அம்மாவின் பெயர் மிண்டல். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் பூங்காவுக்கு எதிரே உள்ள கட்டடத்தில், இரண்டாவது மாடியில், நாற்பத்து நான்கு வருடம் குடியிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது வேலை. துளி பிசகினாலும் விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். சமையலில் மட்டும் அளவே கிடையாது. எவ்வளவு உப்பு என்று கேட்டால், "போதுங்கிற வரைக்கும்" என்பார். நான் லிஃப்ட் பரிசோதிக்கும் இன்ஜினியர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதிகம் பேசமாட்டார். ஆனால் பண்டிகைக்கு மேஜை நிரம்ப வேண்டும். என் தம்பி நஃப்தாலி லண்டனிலிருந்து மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் வருவான். "மீன் உருண்டைக்காகத்தான் வர்றேன், உனக்காக இல்ல" என்று சீண்டுவான். "அப்ப உருண்டையைத் தபால்ல அனுப்பறேன், நீ அங்கயே இரு" என்பார் அம்மா. அவன் வரும் நாளில் காலையிலிருந்தே ஜன்னலருகே நிற்பார்.

ஒருவர் மட்டும் அந்த மேஜைக்கு வந்ததில்லை. நான்காவது மாடியில் இருக்கும் பெரியம்மா ட்ஸிரெல். அம்மாவின் ஒரே அக்கா. இருவரும் பேசிப் பதினோரு வருடம். காரணம் எங்களுக்குத் தெரியாது. அம்மா இறந்தபோது ஏழு நாள் துக்கத்தைப் பெரியம்மா மேலே தனியாகவே அனுசரித்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கினார்கள்.

இந்த வருடமும் நஃப்தாலி வந்தான். நான்தான் சமைத்தேன். உருண்டை உடைந்தது. நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், தட்டு அடுக்கும் கம்பியில் அம்மாவின் நீலக்கரைத் தட்டைப் பார்த்தேன். சுத்தமாக, காலியாக இருந்தது. புதன்கிழமையே அதில் முட்டையும் ரொட்டியும் வைத்திருக்க வேண்டும்.

பண்டிகை நாளில் அன்றைய சாப்பாட்டைச் சமைக்கலாம். ஓய்வுநாளில் சமைக்கவே கூடாது; அதற்கென்று பண்டிகை நாளில் சமைக்கவும் கூடாது. சமைக்க வேண்டுமென்றால், பண்டிகை தொடங்கும் முன்பே அவித்த முட்டை ஒன்றையும் ரொட்டி ஒன்றையும் தட்டில் எடுத்துவைத்துச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். ஓய்வுநாள் சமையல் அப்போதே தொடங்கிவிட்டது என்று ஆகும். வருடாவருடம் அதை அம்மாதான் வைப்பார். என் வேலை தூக்குவது மட்டும். "நாலு விரல் உயரம் தூக்கு. போதும். வை." எதற்கு என்று கேட்டால், "மத்தவங்க சார்பா நீ வாங்கிக்கறே." எந்த மற்றவர்கள் என்று கேட்டால், "அடுப்பைப் பாரு." பிறகு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், "குப்பை போட்டுட்டு வர்றேன்" என்று வெளியே போவார். இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார். கையில் குப்பைப் பை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"அக்கா, முட்டைத் தட்டு வெச்சியா?" நஃப்தாலி பின்னால் நின்றிருந்தான்.

"மறந்துட்டேன். தொழுகைக்கூடத்து ரபி ஊருக்கெல்லாம் சேர்த்து ஒண்ணு வெச்சிருப்பாரே?"

"அது ஏதோ ஒரு தடவை மறந்தவங்களுக்கு. போன கூடாரப் பண்டிகைக்கு லண்டன்ல நான் மறந்து, அதைத்தான் பிடிச்சுத் தொங்கினேன். இன்னொரு தடவை எப்படி?" தாடியைத் தடவினான். "மாமனார் வீட்ல எல்லாம் தயாரா இருக்கும். ரெண்டு வேளைக்கும் அங்க போயிடறோம். நீயும் வா."

மாமனார் வீடு பூங்காவுக்கு அந்தப் பக்கம். பெரிய மேஜை. நல்ல மனிதர்கள். ஒரு முறை அங்கே போனால் அடுத்த வருடம் நேராக அங்கேயே போவான். தவறு அவனுடையது அல்ல. இங்கே எனக்கு ஆறு நாற்காலி மிச்சமாகும்.

"வேற வழியே இல்லையா?"

"தட்டு வெச்சவங்க யார்கிட்டயாவது கோழியைக் கொடுத்துடணும். அவங்க சமைச்சுத் தரலாம். இந்தக் கட்டடத்துல யார் இருக்கா?"

இருவரும் மேல்தளத்தைப் பார்த்தோம்.

பண்டிகையில் மின்சாரத்தைத் தொடக் கூடாது, லிஃப்டும் கிடையாது. படியில் ஏறினேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அந்தக் கதவைத் தட்டியபோது என் கையில் இரண்டு பச்சைக் கோழி.

"என்னடி இது?"

"கோழி, பெரியம்மா."

"கோழின்னு தெரியுது. எனக்குக் கண்ணு இன்னும் போகலை."

சொன்னேன். ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்ஜினியர்னு சொன்னாங்க. ஒரு முட்டை ஞாபகம் இருக்காதா?"

"எப்பவும் அம்மாதான் வைப்பாங்க."

"அவ யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தா? சரி, கோழியைக் கீழ எடுத்துட்டுப் போ."

மறுக்கிறார் என்று நினைத்தேன். "பெரியம்மா, தம்பி கிளம்பிடுவான்."

"அட, நீயே சமைன்னு சொல்றேன்டி. உங்களுக்கும் சேர்த்துத்தான் வெச்சிருக்கேன்."

அலமாரியில் அதே நீலக்கரைத் தட்டு. முட்டை, ரொட்டி.

"இந்தப் படியில ஏறி இறங்குற எல்லாருக்கும்னு சொல்லித்தான் வைப்பேன். யார் மறந்தாலும் சரி, எத்தனை தடவை மறந்தாலும் சரி."

"வெச்சவங்களே தூக்கக் கூடாதே. வேற யார் தூக்கினாங்க?"

"முன்னெல்லாம் உங்கம்மாதான்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "ஒவ்வொரு தடவையும் வருவா. தட்டைத் தூக்குவா. வெப்பா. போயிடுவா. ஒரு வார்த்தை கிடையாது."

"பதினோரு வருஷமுமா?"

"பேசலைன்னா சாப்பிட வேண்டாமா?"

குப்பை போடப் போன அம்மா. ஏப்ரனோடு.

"இந்தத் தடவை?"

பெரியம்மா கோழியைப் பார்த்துப் பேசினார். "புதன்கிழமை தட்டும் கையுமா கதவுகிட்ட நின்னேன். செருப்புச் சத்தம் கேக்கலையேன்னு அவமேல எரிச்சலா வந்துச்சு. கால் மணி நேரம் நின்னிருப்பேன். அப்புறம்தான்..." நிறுத்தினார். "எதிர்வீட்டு ஃபாய்வெலைக் கூப்பிட்டேன். அந்த மனுஷன் தலைக்கு மேல தூக்கிட்டாரு. முட்டை உருண்டு ஓடப் பாத்துச்சு."

"எதுக்குப் பெரியம்மா பேசாம இருந்தீங்க?"

"உங்கம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை."

"அப்ப நானும் சொல்லலை."

கீழே வந்து சொன்னேன். நஃப்தாலி அறைக்குள் இரண்டு முறை குறுக்கே நடந்தான். "நம்மளையும் நினைச்சு வெச்சிருக்காங்க. சமைக்கறதுக்கு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சுபோச்சு. போதும்." அவன் மனைவி பூங்காவைத் தாண்டிப் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். புதிதாகப் பற்றவைக்கக் கூடாது என்பதால் புதன்கிழமையிலிருந்து அணையாமல் எரிந்த அடுப்பில் கோழியை ஏற்றினேன். போதும் என்று எனக்குத் தோன்றும்வரை உப்புப் போட்டேன்.

சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பெரியம்மா வீட்டுச் செருப்போடு வந்தார். அம்மாவின் நாற்காலி அருகே சற்று நின்றார். பிறகு பிள்ளைகளின் பெஞ்சில் இடம் பிடித்தார். சூப்பை ஒரு வாய் குடித்தார்.

"உப்பு ஜாஸ்தி. அவ கை அப்படியே இருக்கு."

இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார். நஃப்தாலி சிரித்தான். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறக்கப் பார்த்தேன், எதற்கு என்று தெரியவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "ரெண்டு வாரத்துல கூடாரப் பண்டிகை. திரும்ப வியாழன், வெள்ளி. ஃபாய்வெல் வேண்டாம், நீ மேல வா. பேச வேண்டாம். தூக்கிட்டுப் போ."

அது அழைப்பா, அம்மாவோடு இருந்த சண்டை இனி என் பங்கா என்று தெரியவில்லை. நஃப்தாலியிடம் கேட்டேன். "எதுவா இருந்தாலும் மேல போ" என்றான்.

முட்டை மட்டும் இரண்டு அவித்துக்கொள்ள வேண்டும், என் தட்டுக்கு ஒன்று, மேலே கொண்டுபோக ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.