பொட்டு விடாத மதில்

பூநகரியில் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து வளவு. அப்பா சீதனமாகப் பிரித்துக் கொடுத்த காணி. நடுவில் கிடுகு வேலி, அதில் ஓர் ஆள் குனிந்து நுழையும் இடைவெளி. அதைப் பொட்டு என்போம். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்து வேலி அடைத்தபோதும் பொட்டுக்குத்தான் முதலில் இடம் விட்டோம். கறிச்சட்டி அதற்குள்ளால் போகும், வரும். எனக்குத் தலையிடி என்றால் அக்காவும் அதற்குள்ளால்தான் வருவாள்.

அவளுடைய ஆடும் அதற்குள்ளால்தான் வந்தது. ஒரே காலையில் என் மிளகாய்க் கன்று முழுவதையும் மொட்டையடித்துவிட்டது. எனக்கோ வாய் நீளம். "கட்டத் தெரியாத உனக்கேன் ஆடு?" என்று தொடங்கி, செத்துப்போன அவள் புருசன்வரைக்கும் இழுத்துவிட்டேன். அக்கா ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். திருப்பித் திட்டியிருந்தால் அன்றைக்கே எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த கிழமையே ஜெயபுரத்திலிருந்து மேசனைக் கூப்பிட்டு, தலைக்கு மேல் உயரமாக மதில் கட்டுவித்தேன்.

"பொட்டு ஒண்டு விடட்டே, தங்கச்சி?" என்று கேட்டார்.

"எலி போற ஓட்டையும் வேண்டாம்," என்றேன்.

ஆத்திரத்தில் அத்திவாரத்தை ஆழமாக வெட்டவும் விடவில்லை. இரண்டாவது மாரி மழையில் மதில் அக்காவின் பக்கம் சாயத் தொடங்கியது. போய்ச் சொல்ல வேண்டியவள் நான்தான். ஆனால் அக்கா சண்டைக்கு வரட்டும், வந்தால் அப்படியே கதைக்கத் தொடங்கிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. மதிலும் விழவில்லை. அடுத்த மாரியும் வந்து போனது. காலையில் பல் தீட்டும்போது அதைப் பார்த்து, "நீயும் என்னைப் போலத்தான், விழமாட்டாய்," என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

போன வைகாசியில் நெஞ்சு நோகுதென்று படுத்த அக்கா பிறகு எழும்பவில்லை. ரோட்டால் சுற்றி ஓடினேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல்தடவை. அழுது களைத்து, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது என் மதிலின் மற்றப் பக்கத்தைக் கண்டேன். நாலு பனங்குத்திகள் அதைத் தாங்கி முண்டு கொடுத்து நின்றன.

"ஆர் பிள்ளை இது வைச்சது?" என்று அக்காவின் மகளைக் கேட்டேன்.

"அம்மாதான், சின்னம்மா. விழுந்தா விழட்டும் எண்டுதான் நான் சொன்னனான். 'விழுந்தா ஊர் சிரிக்கும், அவள் தாங்கமாட்டாள்' எண்டவா. ஒவ்வொரு மழைக்கும் போய்க் குத்தியை இறுக்கிவிட்டிட்டு வருவா."

ஐயோ! அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க இனி வழியில்லை.

அவள் போன திதி சரியில்லையாம். அவளை வாசலால் எடுக்கக்கூடாது, வேலியை வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வாசல் படலைக்குப் பக்கத்து வேலியை வெட்ட ஆட்கள் கத்தியோடு போனார்கள்.

"அங்க வேண்டாம். என்ர மதிலை இடியுங்கோ," என்றேன்.

"உனக்கென்ன விசரே?" மாமா பாய்ந்தார். "குடியிருக்கிற வளவுக்குள்ளால பிணம் கொண்டு போறதோ? கூடாது!"

"கூடாதது எல்லாத்தையும் நான் செய்து முடிச்சிட்டன், மாமா. இடியுங்கோ."

குத்திகளை உருவினார்கள். இரண்டு பேர் தள்ளவே மதில் விழுந்துவிட்டது. கல்லை ஒதுக்கி வழி எடுத்தார்கள். பாடை என் வளவுக்குள் வந்தது. நேர் எதிரே மிளகாய்ப் பாத்தி, காயும் பூவுமாய் நின்றது. முன்னால் பிடித்தவர் தயங்கினார்.

"பாத்தி கிடக்குது. சுத்திப் போவமோ?"

"மிதிச்சுக்கொண்டு போங்கோ," என்றேன்.